தோட்டத்திலிருந்து துணிக்கு: வில்லியம் மாரிசின் கையச்சுத் தாவரத் துணிகளும் சோழமண்டலச் சாயமரபும்

ஆய்வுச்சுருக்கம்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மாரிஸ் (1834–1896), தாம் வாழ்ந்த பழந்தோட்டங்களின் செடிகொடிகளைக் கையச்சுத் துணிகளில் வடித்தவராக அறியப்படுகிறார். கெல்ம்ஸ்காட் தோட்டத்தில் பழம் திருடிய பறவைகளிலிருந்து பிறந்த ‘ஸ்ட்ராபெரித் திருடன்’ (1883) இதற்குச் சிறந்த சான்றாகக் காட்டப்படுகிறது. தோட்டக் காட்சி மட்டுமே இத்துணிகளை உருவாக்கிவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஒரே வடிவம் 1873இல் துணியாகத் தோற்று 1883இல் வென்றதற்குச் சாயமுறையே காரணம். அம்முறையின் அடிப்படையான நிறமூன்றிச் சாயமும் அவுரி நீலமும் சோழமண்டலக் கரையின் சீட்டித்துணிகள் வழியாக ஐரோப்பா கற்றுக்கொண்ட அறிவோடு தொடர்புடையவை. இரு மரபுகளின் செய்முறைகளையும் ஒப்பிட்டு, அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதன்மைச் சொற்கள்: வில்லியம் மாரிஸ், கெல்ம்ஸ்காட், கையச்சு, அவுரி, இம்பூறல், நிறமூன்றி, சீட்டித்துணி, சோழமண்டலக் கரை

1. முன்னுரை

பூவும் கொடியும் பொறித்த துணிகள் உலகின் பல பண்பாடுகளில் காணப்படுகின்றன. ஆயினும் குறிப்பிட்ட ஒரு தோட்டத்தோடு பெயர் சொல்லி இணைக்கப்படும் துணிகள் சிலவே. அவற்றுள் மாரிசின் கையச்சுப் பருத்தித் துணிகள் முதன்மையானவை. அவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கலைஞர் தோட்டத்தைக் கண்டார், வரைந்தார், அச்சிட்டார் என்ற வரிசையில் செல்கின்றன. இவ்வரிசையில் சாயப்பட்டறை மிகச் சிறிய இடமே பெறுகிறது. வரைபடம் முடிந்ததும் படைப்பும் முடிந்துவிடுகிறது என்ற எண்ணமே இதன் அடிப்படை.

மாரிசின் சொந்த வாழ்க்கை வரலாறு இவ்வெண்ணத்துக்கு மாறானது. வடிவங்களை வரைவதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலத்தைவிட அவற்றுக்குரிய நிறங்களைத் துணியில் நிலைநிறுத்தக் கற்றுக்கொண்ட காலம் நீண்டது. அக்கல்வி தமிழக ஆய்வாளர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வரலாற்றுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட கரைப்பகுதிச் சாயக்காரர்களின் செய்முறையை ஐரோப்பியர் எழுதிக்கொண்டு சென்ற வரலாறே அது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு தோட்டங்கள்

மாரிசின் துணிகளுக்குப் பின்புலமாக இரு தோட்டங்கள் உள்ளன. முதலாவது, கென்ட் பகுதியில் பெக்ஸ்லிஹீத்தில் அமைந்த ‘சிவப்பு இல்லம்’. நண்பரும் கட்டடக் கலைஞருமான பிலிப் வெப் 1859இல் வடிவமைத்த இவ்வீட்டில் மாரிஸ் 1860இல் குடியேறினார். பழத்தோட்டம் ஒன்றின் நடுவே, இருந்த ஆப்பிள் மரங்கள் இயன்றவரை வெட்டப்படாதவாறு வீடு எழுப்பப்பட்டது. வீட்டை ஒட்டிய நிலம் இடைக்கால ஓவியங்களில் காணப்படும் அடைப்புத் தோட்டம் போலச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ரோசாக்கொடிகள் படரும் மரச்சட்டப் பந்தல்கள் அச்சதுரங்களுக்கு வேலியாயின. 1862இல் மாரிஸ் வரைந்த ‘பந்தல்’ என்னும் சுவர்த்தாள் வடிவம் இப்பந்தல்களின் நேரடி நினைவாகும். அதிலுள்ள பறவைகளை வரைந்தவர் வெப்.

இரண்டாவது, ஆக்ஸ்போர்டுசயர் பகுதியில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கெல்ம்ஸ்காட் மனை. மாரிசும் ஓவியர் தாந்தே கேப்ரியல் ரோசெட்டியும் 1871இல் இதனைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தனர். 1874இல் ரோசெட்டி வெளியேறிய பின்னரும் மாரிஸ் தம் இறுதிக்காலம் வரை இங்கு வந்து சென்றார். கற்சுவர் சூழ்ந்த சிறு தோட்டம், கத்தரித்து வடிவமைக்கப்பட்ட யூ மரவேலி, காய்கறிப் பாத்திகள், பழச்செடிகள், அருகே வில்லோ மரங்கள் நிறைந்த ஓடைகள் ஆகியவை இதன் கூறுகள். சிவப்பு இல்லத்தின் தோட்டம் புதிதாகத் திட்டமிடப்பட்டது. கெல்ம்ஸ்காட் தோட்டமோ பல தலைமுறைகள் புழங்கிப் பழகிய நிலம். இம்மனை இன்று லண்டன் பழம்பொருள் ஆய்வுக் கழகத்தின் உடைமையாக உள்ளது.

தோட்டம் பற்றி மாரிசுக்குத் தெளிவான கொள்கை இருந்தது. அக்காலச் செல்வர்கள் பசுங்குடில்களில் வளர்த்த ஒரே நிறப் பூஞ்செடிகளைக் கம்பள விரிப்புப் போல நிரப்பி அழகுபார்த்தனர். இவ்வழக்கத்தை மாரிஸ் தம் சொற்பொழிவில் கடுமையாகக் கண்டித்தார். தோட்டம் வேலியிட்டு அடைக்கப்பட வேண்டும். வீட்டின் பகுதியாகத் தோன்ற வேண்டும். அம்மண்ணுக்குப் பழகிய எளிய செடிகளே அதில் இருக்க வேண்டும் என்பன அவருடைய எதிர்பார்ப்புகள். ஒழுங்கும் செழுமையும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கும் இந்நிலையையே அவர் தம் துணி வடிவங்களிலும் நாடினார்.

3. செடி வடிவமாக மாறுதல்

துணியில் காணப்படும் செடி தோட்டச் செடியின் படியன்று. கையச்சில் ஒரு வடிவம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஓர் அச்சுக்கட்டையின் விளிம்பில் முடியும் தண்டு அடுத்த பதிவின் தொடக்கத்தோடு பிசிறின்றிச் சேரவேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை தேவை. நிழல்வண்ணங்கள் கூடக்கூடக் கட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். 1883இல் வெளிவந்த ‘ஈவன்லோட்’ வடிவத்துக்கு 33 கட்டைகளும் 1884இன் ‘க்ரே’ வடிவத்துக்கு 34 கட்டைகளும் தேவைப்பட்டன. ஒரு கட்டை இம்மியளவு விலகினும் பூவின் வரைகோடு ஓரிடத்திலும் நிறம் வேறிடத்திலும் விழும்.

இக்கட்டுப்பாடுகளுக்குள் செடியின் வளர்ச்சியை உணர்த்துவதே வடிவமைப்பாளரின் பணி என மாரிஸ் கருதினார். கொடி எங்கிருந்து கிளைத்தது, இலை எத்தண்டைச் சார்ந்தது என்பவை கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்று 1881ஆம் ஆண்டின் வடிவமைப்புப் பற்றிய சொற்பொழிவில் அவர் வலியுறுத்தினார். இதற்குத் தோட்டப் பார்வை மட்டும் போதவில்லை. 1597இல் வெளிவந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூலை அவர் இளமை முதல் அறிந்திருந்தார். அதன் மரச்செதுக்குப் படங்கள் செடியைத் தட்டையான பரப்பில் தெளிவான கோடுகளால் காட்டும் முறைக்கு முன்மாதிரிகளாயின. தென்கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் பழந்துணிகளும் அவருக்குப் பாடநூல்களாயின. ‘ஈவன்லோட்’ உள்ளிட்ட வடிவங்களில் காணும் சாய்வான கொடியமைப்பு, 1883இல் அவ்வருங்காட்சியகம் பெற்ற 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய வெல்வெட் ஒன்றோடு தொடர்புடையது எனக் கலை வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். தேம்சின் கிளையாற்றுப் பெயர் தாங்கிய துணியின் எலும்புக்கூடு இத்தாலிய நெசவிலிருந்து வந்திருக்கிறது. தோட்டத்துக்கும் துணிக்கும் இடையே முதலில் நிற்பது இத்தகைய வடிவ மரபு.

4. ‘துலிப்பும் வில்லோவும்’: பத்தாண்டு இடைவெளி

இரண்டாவதாக நிற்பது சாயம். இதற்குத் தெளிவான சான்று ‘துலிப்பும் வில்லோவும்’ என்னும் வடிவம். மாரிஸ் இதனை 1873இல் வரைந்தார். அச்சிடும் பணி பிரெஸ்டன் அருகில் பேனிஸ்டர் ஹால் அச்சகத்தை நடத்திய தாமஸ் கிளார்க்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத் தொழிற்கூட வழக்கப்படி பிரஷ்ய நீலம் என்னும் இரும்புச் சேர்மம் நீலத்துக்குப் பயன்பட்டது. வந்த துணி மாரிசுக்கு நிறைவளிக்கவில்லை. அவர் வேண்டியது அவுரியின் ஆழ்ந்த நீலம்.

அதே வடிவம் பத்தாண்டுகளுக்குப் பின், 1883இல், மாரிசின் சொந்தப் பட்டறையில் அவுரி நீலத்தில் அச்சிடப்பட்டது. கோடு மாறவில்லை; செடி மாறவில்லை; செடியைத் தந்த நிலமும் மாறவில்லை. மாறியது சாயமுறை மட்டுமே. தோட்டத்தின் அழகு வடிவமைப்பாளரின் கண் வழியாகத் துணிக்கு வருகிறது என்ற கருத்து உண்மையாயின், 1873இலேயே அத்துணி நிறைவு பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழாததால், இடைப்பட்ட பத்தாண்டுகளில் மாரிஸ் கற்றவை யாவை என்பது ஆராய்ச்சிக்கு உரிய வினாவாகிறது.

5. லீக் முதல் மெர்ட்டன் வரை

1875 முதல் மாரிஸ் ஸ்டாபோர்டுசயரின் லீக் நகரில் இருந்த தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறைக்குச் சென்று பயின்றார். 1856இல் பெர்க்கின் கண்டறிந்த செயற்கை ஊதாச் சாயத்தைத் தொடர்ந்து நிலக்கரித் தார் சாயங்கள் சந்தையை நிறைத்திருந்த காலம் அது. 1868இல் கிரேபே, லீபர்மன் ஆகிய செருமானிய வேதியியலாளர்கள் மேடர் வேரின் செந்நிறப் பொருளான அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். பழைய சாயமுறைகள் தொழிலாளர் நினைவிலிருந்து மறைந்து வந்த அச்சூழலில், மாரிஸ் பழைய மூலிகை நூல்களையும் சாய நூல்களையும் துணையாகக் கொண்டு அவற்றை மீட்க முயன்றார். சாயத்தொட்டியில் தாமே இறங்கி வேலை செய்ததால் அவர் கைகள் நீலக்கறை படிந்திருந்ததை உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர்.

வார்டில் இந்தியச் சாயப்பொருள்களையும் காட்டுப்பட்டையும் விரிவாக ஆராய்ந்தவர். 1885–86இல் இந்தியாவுக்கும் வந்தவர். எனவே லீக் பட்டறையை ஆங்கிலேயக் கிராமியக் கைவினையின் புகலிடமாக மட்டும் காண்பது பொருந்தாது. இந்தியத் தாவரச் சாயங்கள் ஐரோப்பிய வேதியியல் பார்வையில் சோதிக்கப்பட்ட இடமும் அதுவே.

1881இல் மாரிஸ் லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபியில் இருந்த பழைய பட்டறையைக் குத்தகைக்கு எடுத்தார். ஏறத்தாழ ஏழு ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தில் ஆற்றுநீர் மேடர் சாயத்துக்கு ஏற்றதாக இருந்தது. அச்சிட்ட துணியை வெயிலில் விரித்து வெளுக்கப் புல்வெளியும் இருந்தது. வாண்டில் கரையில் 18ஆம் நூற்றாண்டு முதலே பருத்தித் துணி அச்சிடும் தொழில் நடந்து வந்தது. மாரிஸ் தேர்ந்த இடத்துக்கே அத்தொழிலின் நினைவு இருந்தது.

6. ‘ஸ்ட்ராபெரித் திருடன்’ உருவான முறை

கெல்ம்ஸ்காட்டின் காய்கறித் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிச் செடிகளுக்கு வலை விரித்திருந்தபோதும், த்ரஷ் எனப்படும் பாடும் பறவைகள் வலைக்கு அடியில் புகுந்து பழங்களைத் தின்றன. அக்காட்சியே இவ்வடிவத்துக்குத் தூண்டுதல் என்று மாரிசின் மகள் மே மாரிஸ் எழுதியுள்ளார். ஆழ்நீலப் பின்னணியில் எதிரெதிராக நிற்கும் இணைப் பறவைகள், அலகில் செந்நிறப் பழம், சுற்றிலும் பூவும் இலையும் என அமைந்த இத்துணி 1883 மே மாதத்தில் பதிவு செய்யப்பட்டது.

இது ‘நிறநீக்க அச்சு’ என்னும் முறையில் உருவானது. முதலில் துணி முழுவதும் அவுரித் தொட்டியில் தோய்க்கப்படும். அவுரி நீலம் நீரில் கரையாதது. தொட்டியில் அதன் உயிர்வளி நீக்கப்பட்டுக் கரையும் நிலைக்கு வந்தபின் நூலுக்குள் ஊடுருவும். துணியை வெளியே எடுத்தவுடன் பசுமஞ்சளாகத் தோன்றி, காற்றுப் பட்டதும் நீலமாக மாறி நூலிலேயே உறைந்துவிடும். ஆழ்நீலம் வேண்டுமாயின் தோய்ப்பதையும் உலர்த்துவதையும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும்.

அதன்பின் நிறநீக்கி தடவிய கட்டைகளால் வடிவம் அச்சிடப்படும். வலுவான நிறநீக்கி பட்ட இடம் வெண்மையாகும். வலுக்குறைந்தது பட்ட இடம் இளநீலமாகும். வெளுத்த இடங்களில் சிவப்புக்குரிய நிறமூன்றி அச்சிடப்படும். நிறமூன்றி என்பது சாயத்தை நூலோடு பிணைக்கும் உலோக உப்பு. படிகாரம் இதற்கு எடுத்துக்காட்டு. துணியைச் சிவப்புச் சாயத்தில் இட்டால் நிறமூன்றி பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். மற்ற இடங்களில் ஒட்டியது தவிட்டு நீரில் அலசியும் புல்வெளியில் வெயில் காட்டியும் அகற்றப்படும். இறுதியில் வெல்ட் என்னும் செடியின் மஞ்சள் சேர்க்கப்படும். வெண்மையின்மேல் விழுந்த மஞ்சள் மஞ்சளாகவும், இளநீலத்தின்மேல் விழுந்தது பச்சையாகவும் தோன்றும்.

நீலமும் வெண்மையும் மட்டும் கொண்ட நிறநீக்கத் துணிகளை மாரிஸ் 1882இலேயே அச்சிட்டிருந்தார். அலிசரின் சிவப்பும் வெல்ட் மஞ்சளும் அவற்றோடு சேர்ந்த முதல் துணி ‘ஸ்ட்ராபெரித் திருடன்’. பணி முடியப் பல நாள்கள் பிடித்தன. ஆதலின் அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த பருத்தித் துணிகளுள் ஒன்றாக அது விளங்கியது.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. இத்துணியில் இலையின் பச்சை தனிச்சாயமன்று. நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததன் விளைவு அது. பழத்தின் சிவப்பு பழத்திலிருந்து வரவில்லை. வேரின் செந்நிறப் பொருளிலிருந்து வந்தது. தோட்டத்தின் எந்த நிறமும் அவ்வாறே துணிக்கு வருவதில்லை. துணியில் நிலைக்கக்கூடிய நிறங்கள் எவையோ அவற்றைக் கொண்டே தோட்டம் மீண்டும் கட்டப்படுகிறது.

7. சோழமண்டலக் கரையின் செய்முறைப் பதிவுகள்

நிறமூன்றியும் அவுரியும் கொண்டு பருத்தியில் பல நிறப் பூவேலை செய்யும் தேர்ச்சி ஐரோப்பாவுக்கு 17ஆம் நூற்றாண்டில் புதியது. துவைத்தாலும் நிறம் போகாத இந்தியச் சீட்டித்துணிகள் அங்கே பெரும் விருப்பைத் தூண்டின. 1676இல் லண்டனை அடுத்த வெஸ்ட் ஹாமைச் சேர்ந்த வில்லியம் ஷெர்வின் துணி அச்சிடும் முறைக்கு உரிமம் பெற்றபோது, அது கிழக்கிந்திய முறை என்றே குறிப்பிடப்பட்டது. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளரின் எதிர்ப்பால் பிரான்சு 1686இல் இத்துணிகளைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதிக்குத் தடை விதித்து, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிகளின் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் 1774இல் தளர்த்தப்பட்டது. தடைகள் துணியைத் தடுத்தன. செய்முறையை அறியும் வேட்கையைத் தடுக்கவில்லை.

அவ்வேட்கையின் விளைவுகளாக இரு ஆவணங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொல்யே 1734ஐ ஒட்டிப் புதுச்சேரியில் தொகுத்த கையெழுத்துப்படி. சாயமிடும் ஒவ்வொரு கட்டத்திலும் துணியின் ஒரு துண்டை வெட்டி அவர் இணைத்துள்ளார். அது பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மற்றொன்று, இயேசு சபைத் துறவி கஸ்தோன் லொரான் கேர்து 1742 சனவரியில் எழுதிய மடல். கிறித்தவம் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்தும் அவர்கள் பணியை நேரில் கண்டும் அவர் அதனை எழுதினார். அச்செய்தி ஐரோப்பியக் கைவினைஞர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் நோக்கம். சாயமிட்டவர்களின் பெயர்கள் ஐரோப்பிய வாசகரைச் சென்றடையவில்லை; எழுதியவர்களின் பெயர்கள் நிலைத்தன.

இவ்வாவணங்கள் காட்டும் முறை பின்வருமாறு அமைகிறது. வெளுத்த துணி கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைக்கப்படும். கடுக்காயின் துவர்ப்பு நிறமூன்றியைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, வரைந்த கோடு பரவாமல் காக்கும். துணியை மரத்தடியால் அடித்து வழவழப்பாக்குவர். தாளில் வரைந்த வடிவத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டித் துணியில் படியவைப்பர். கருப்புக்கோடுகள் இரும்புக் கரைசலாலும் செங்கோடுகள் படிகாரத்தாலும் எழுதப்படும். பின்னர் நீலமும் பச்சையும் வரவேண்டிய இடங்களை விட்டு எஞ்சிய பரப்பு முழுவதும் மெழுகால் மூடப்பட்டு, துணி அவுரித் தொட்டியில் இடப்படும். மெழுகை வெந்நீரில் நீக்கிய பின் சிவப்புக்குரிய இடங்களில் படிகாரம் தீட்டிச் சாயவேரில் கொதிக்கவைப்பர். சாணநீரில் ஊறவைத்தும் வெயிலில் வெளுத்தும் துணியைத் தூய்மைப்படுத்தியபின், மஞ்சள் தீட்டப்படும்; நீலத்தின்மேல் மஞ்சள் பட்ட இடம் பச்சையாகும்.

சாயவேர் என்பது கடலோர மணற்பாங்கில் வளரும் இம்பூறல் என்னும் சிறுசெடியின் வேர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய ‘சாய்’ வேர் என்னும் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. வில்லியம் ராக்ஸ்பரோ 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் இச்செடியும் இதன் சாயமுறையும் இடம்பெற்றன. இம்பூறல் வேரின் செந்நிறப் பொருளும் ஐரோப்பிய மேடர் வேரின் முதன்மைச் செந்நிறப் பொருளும் அலிசரினே. சோழமண்டலத்துச் சீட்டியில் பூத்த சிவப்பும் ‘ஸ்ட்ராபெரித் திருடன்’ துணியின் பழச்சிவப்பும் வேதியியல் நோக்கில் ஒன்றே.

8. ஒற்றுமையும் வேற்றுமையும்

இரு செய்முறைகளையும் அருகருகே வைத்தால் மூன்று ஒற்றுமைகள் புலனாகின்றன. முதலாவது, சிவப்பு துணியில் நேரடியாகத் தீட்டப்படுவதில்லை; நிறமூன்றியே வடிவமாகப் பதிக்கப்பட்டு, சாயம் பின்னர் அதனை வெளிப்படுத்துகிறது. இரண்டாவது, பச்சை என்பது நீலத்தின்மேல் மஞ்சள். காலப்போக்கில் மஞ்சள் மங்குவதால் பழைய சீட்டிகளின் இலைகள் நீலமாகக் காணப்படுவதற்கும் இதுவே காரணம். மூன்றாவது, தவிடானாலும் சாணமானாலும், தேவையற்ற சாயத்தை அகற்ற உயிர்ப்பொருளும் ஓடும் நீரும் வெயிலும் துணைநிற்கின்றன.

வேற்றுமைகளும் ஒற்றுமைகளுக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. சோழமண்டலச் சாயக்காரர் நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் முன்கூட்டியே காத்தார். மெர்ட்டனில் எல்லாவற்றையும் நீலமாக்கிப் பின்னர் வேண்டாததை அகற்றினர். முன்னதில் மெழுகும் எழுதுகோலும் ஏந்திய கை ஒவ்வொரு துணியிலும் புதிதாக வரைகிறது. பின்னதில் செதுக்கிய கட்டை அதே கோட்டைத் திரும்பப் பதிக்கிறது. நிறநீக்கி ஐரோப்பிய வேதியியல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த பொருள். பழமையை மீட்டவராகக் கருதப்படும் மாரிசின் புகழ்பெற்ற துணி, அவர் விலக்க நினைத்த தொழிற்புரட்சியின் வேதியியலுக்கும் கடன்பட்டுள்ளது. மாரிஸ் சோழமண்டல முறையை அப்படியே பின்பற்றினார் என்று கூறுவதும், அவர் ஆங்கிலேய மரபை மட்டும் மீட்டார் என்று கூறுவதும் ஒருசேரத் தவறாகும்.

தோட்டத்தோடு கொண்ட உறவிலும் வேறுபாடு உண்டு. ‘உயிர்மரம்’ என வழங்கும் சீட்டி விரிப்புகளில் ஒரே மரத்தில் பல இனப் பூக்கள் மலர்கின்றன. எந்தத் தோட்டத்திலும் அம்மரத்தைக் காண இயலாது. அவ்வடிவம் வாங்குவோரின் விருப்பத்தோடும் பின்னிப் பிணைந்தது. 1643இல் லண்டன் கம்பெனி இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதி, சிவந்த பின்னணிக்கு மாற்றாக வெண்பின்னணியில் கொடியும் பூவும் அமைந்த விரிப்புகளைக் கேட்டது இதனைக் காட்டுகிறது. மாரிசோ பெயர் சொல்லத்தக்க செடிகளையும் பறவைகளையும் நாடினார். ஆயினும் அவற்றை ஆழ்நீல வெளியில் இணையிணையாக நிறுத்தும்போது, அவர் தோட்டமும் எங்கும் காண இயலாத ஒன்றாகிவிடுகிறது.

9. காணப்படாத தோட்டம்

மேற்கண்ட செய்திகள் மற்றொரு நிலத்தையும் நினைவூட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் சந்தைக்கு வந்த இயற்கை அவுரி நீலத்தின் பெரும்பகுதி இந்தியாவினுடையது. வங்கமும் பீகாரும் அதன் முதன்மை நிலங்கள். சென்னை மாகாணத்தில் கடப்பை, தென்னார்க்காடு முதலிய பகுதிகளிலும் அவுரி பயிரானது. சிவப்பு இல்லம் வடிவமைக்கப்பட்ட 1859ஆம் ஆண்டிலேதான் வங்க உழவர்கள் கட்டாய அவுரிச் சாகுபடிக்கு எதிராகக் கிளர்ந்தனர். அடுத்த ஆண்டு அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகமும் வெளிவந்தது.

மாரிஸ் இந்தியக் கைவினைகளின் அழிவை அறியாதவரல்லர். 1879இல் பர்மிங்காமில் ஆற்றிய ‘மக்களின் கலை’ என்னும் உரையில், ஆங்கிலேய ஆட்சியும் வணிகமும் இந்தியக் கலைகளை அழித்து வருவதை அவர் வருத்தத்துடன் சுட்டினார். ‘ஸ்ட்ராபெரித் திருடன்’ பதிவான 1883ஆம் ஆண்டின் சனவரியில் பொதுவுடைமைச் சார்புடைய சனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார். உழைப்பின் மகிழ்ச்சியே கலை என்று கூறிய அவர், தம் பட்டறையில் அதனை ஓரளவு நடைமுறைப்படுத்தினார். ஆனால் இயற்கைச் சாயத்தைத் தேர்வது தூய்மையான உழைப்பைத் தேர்வதாகிவிடவில்லை. வேதிச்சாயத்தை விலக்கி அவுரியை ஏற்றபோது, தொழிற்சாலையின் இடத்தில் தோட்ட முதலாளியின் அவுரி வயல் வந்து நின்றது. கெல்ம்ஸ்காட் வேலிக்குள் இருந்த தோட்டம் துணியில் தெரிகிறது. அதன் நீலம் விளைந்த நிலம் தெரிவதில்லை.

மாரிஸ் 1896இல் மறைந்தார். 1897இல் செருமானிய நிறுவனமொன்று செயற்கை அவுரி நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; இந்திய அவுரிச் சாகுபடி விரைந்து சரிந்தது. மெர்ட்டன் பட்டறை 1940இல் மூடப்பட்டது. சாயவேரும் செயற்கை அலிசரினுக்கு முன் நிற்க இயலாமல் கரையோர வயல்களிலிருந்து மறைந்தது. தஞ்சை அரசவையின் ஆதரவில் வளர்ந்த கோடாலிக் கருப்பூர்ச் சேலை மரபும் ஆதரவிழந்து அருகியது.

10. முடிவுரை

இக்கட்டுரையில் கண்டறியப்பட்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். மாரிசின் தாவரத் துணிகளுக்குக் கெல்ம்ஸ்காட், சிவப்பு இல்லத் தோட்டங்கள் தூண்டுதலாக இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டம் துணியாவதற்கு, திரும்ப வரும் வடிவத்தின் இலக்கணமும் நிறத்தை நிலைநிறுத்தும் சாய அறிவும் இடைநிலைகளாக அமைந்தன. ‘துலிப்பும் வில்லோவும்’ வடிவத்தின் பத்தாண்டு வரலாறு, இரண்டாவதே தீர்மானமானது என்பதை நிறுவுகிறது. அவ்வறிவின் ஒரு வேர் சோழமண்டலக் கரையில் உள்ளது. மற்றொரு வேர் ஐரோப்பிய வேதியியலில் உள்ளது.

தமிழில் துணி வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதி, வணிகக் கம்பெனிகள், துறைமுகங்கள் ஆகியவற்றின் வரலாறாக எழுதப்படுகிறது. கடுக்காய், எருமைப்பால், படிகாரம், இம்பூறல், அவுரி என விரியும் செய்முறை அறிவின் வரலாறும் உடன் எழுதப்பட வேண்டும். பொல்யேயின் கையெழுத்துப்படியும் கேர்துவின் மடலும் தமிழில் முழுமையாக, செய்முறைச் சொற்களுக்குரிய வட்டார வழக்குகளோடு பதிப்பிக்கப்படுமாயின், அம்முயற்சிக்கு உறுதியான அடித்தளம் கிடைக்கும். இங்கிலாந்துத் தோட்டமொன்றின் பெயரால் புகழ்பெற்ற துணியைப் படிக்கும்போதும், சாயமிடும் கையின் இடம் அப்போது தெளிவாகப் புலப்படும்.